இரண்டாவது தட்டல் வரைக்கும்

லோணாவளா
ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு நினாத்தின் நமஸ்காரம்.

நான் நலம். அம்மாவின் சர்க்கரை, உன் வீட்டுக்காரர் தாஜியின் முதுகுவலி, உன் கோபம் மூன்றும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

கடிதமா என்று சிரிக்காதே. இங்கே நுழைந்த அன்றே எல்லார் போனையும் வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டார்கள். 'ஒரே கூரை' என்ற இந்த டிவி நிகழ்ச்சி முடியும்வரை கிடையாது. உள்ளே நடப்பது வெளியே கசியக் கூடாதாம். கடிதம் எழுதலாம், ஆனால் உறையை ஒட்டக் கூடாது. அலுவலகத்தில் போத்னிஸ் என்று ஒருவர் இருக்கிறார். போவதையும் வருவதையும் படித்துவிட்டுத்தான் விடுவார். ஆகவே வீட்டு ரகசியம் எதுவும் எழுதாதே, தாஜியின் குறட்டை உள்பட.

வேலை பிடித்திருக்கிறது. வீட்டுக்குள் பத்துப் பேர், சுவரெல்லாம் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள். உள்ளே இருப்பவர்கள் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை சட்டையில் மைக் மாட்டியிருக்க வேண்டும். அத்தனை மைக்கும் என் காதில். இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டால் மைக் நடுவில் மாட்டிக்கொண்டு இதயம் அடிப்பது கேட்கும். "நீ போயிட்டா நான் செத்தே போயிடுவேன்"னு நேற்று ஒருத்தன் கதறினான். அவன் இதயம் மத்தியானத் தூக்கம் போடுகிறவன் இதயம் மாதிரி நிதானமாக அடித்தது. ஆக, இதெல்லாம் நடிப்பா நிஜமா என்று ஊரில் யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு.

உள்ளே போனவர்களில் உன் பஸ் கண்டக்டர் ரத்னமாலா அண்ணியும் ஒருவர். ஊராட்சித் தலைவர் சர்பஞ்சின் மகனை டிக்கெட் எடுக்காததற்காக நடுரோட்டில் இறக்கிவிட்ட வீடியோ நாடு முழுக்கப் போனதே, அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அவரால் ஒரே ஒரு தலைவலி. எதையாவது பேசி முடித்ததும் மேஜையிலோ சுவரிலோ விரல் முட்டியால் டக் டக் என்று தட்டுகிறார். ஒன்றும் கிடைக்காவிட்டால் மைக் இருக்கும் நெஞ்சிலேயே தட்டுகிறார். காது கிழிகிறது. ஒளிபரப்புக்கு முன் அதையெல்லாம் துடைத்து எடுப்பது என் பாடு.

அம்மாவுக்கு நமஸ்காரம்.

உன் தம்பி
நினாத்

*

ஸ்ரீ

நிம்பேவாடி
ஜூன் 17

சிரஞ்சீவி நினாத்துக்கு அக்காவின் அநேக ஆசிகள். இதைப் படிக்கும் போத்னிஸ் அவர்களுக்கும் நமஸ்காரம். வீட்டில் எல்லாரும் சுகம்தானே?

கடிதத்தின் தலையில் ஸ்ரீ போட மறந்துவிட்டாய். எஞ்சினியர் ஆனால் கை கூசுமோ?

இங்கே எல்லாரும் நலம். அம்மா மாலையானால் வீட்டில் இருப்பதில்லை. ஊரே கணபதி மண்டலிக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் ரத்னமாலாவுக்குப் பேனர். அதில் அவள் படத்தைவிட சர்பஞ்ச் படம் பெரிசு. அவர் மகனை இறக்கிவிட்டவளுக்கு அவரே பேனர் வைக்கிறார், பார்த்துக்கொள்.

எனக்கு மட்டும் இந்த நிகழ்ச்சி தொண்டையில் இறங்கவில்லை. பத்துப் பேரைப் பூட்டிவைத்து, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் காதில் போட்டு, அடித்துக்கொள்வதைப் பார்த்து ரசிக்கிறது ஒரு பிழைப்பா? போவதற்கு முந்தின நாள் பஸ்ஸில் அவளிடமே கேட்டேன். "உனக்கு எதுக்குடி இந்தக் கூத்து?" என்றேன். "பன்னெண்டு வருஷமா இந்த வண்டியில தொண்டை கிழியப் பேசறேன் வைஜயந்தி. ஒருத்தன் காதுல ஏறல. டிவியில சொன்னா கேப்பானுங்க"ன்னாள். சொல்லிட்டு டிக்கெட் பஞ்சால் கம்பியில் ரெண்டு தட்டு. டிரைவர் வண்டியை எடுத்தார்.

நீ துடைத்து எடுக்கும் அந்தச் சத்தம் அதுதான்டா மடையா. கண்டக்டர் ரெண்டு தட்டினால் வேலை முடிஞ்சது, வண்டி போகலாம்னு அர்த்தம். இப்போது டிக்கெட்டுக்கு மிஷின் வந்துவிட்டது. ஆனாலும் பழைய பஞ்சைக் கையில் வைத்திருக்கிறாள், தட்டுவதற்கென்றே. பஸ்ஸில் மட்டுமில்லை, வீட்டில் புருஷன் தத்துவிடமும் அப்படித்தான். அவள் தட்டிவிட்டால் மேற்கொண்டு பேச்சு கிடையாது.

மழையில் நனையாதே. பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி. போத்னிஸுக்கு இரண்டில் எது பொருந்துமோ அது.

அக்கா
வைஜயந்தி

*

லோணாவளா
ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நலம். ஒரு வாரமாக மழை விடவில்லை, துவைத்த சட்டை காயவில்லை. அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நீ கேட்டதற்குப் பதில். யாரையும் கையைக் கட்டி இழுத்து வரவில்லை. ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வெட்டுவோம், ஒட்டுவோம், எப்படிக் காட்டினாலும் கேட்கக் கூடாது என்று பச்சையாக எழுதியிருக்கிறது. படித்துப் பார்க்காதவன் முட்டாள், படித்தும் போட்டவனுக்குப் புகார் சொல்ல வாய் கிடையாது. நாடகத்தில் ராஜா வேஷக்காரன் பொய்யாக அழுதால் கைதட்டுகிறாய். நிஜமாக ஒருத்தன் அழுதால் கொடுமை என்கிறாய். உன் நியாயம் எனக்குப் புரியவில்லை. இன்னொன்று. ஊரே கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறது என்று நீதான் எழுதினாய். பார்க்கிறவர்களிடம் போய்க் கேள், என்னிடம் ஏன் வருகிறாய்?

ரத்னமாலா அண்ணி நலம். ரொம்ப நலம், அதுதான் பிரச்சினை. சண்டை போடுவதில்லை. இயக்குநர் விக்ராந்த் சார் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். "என்னய்யா இந்தம்மா! பாத்திரம் கழுவுது, பஜனை பாடுது, தூங்குது. வீடியோவுல புலி மாதிரி இருந்துச்சே? இதைப் பார்க்க எவன் உட்காருவான்? எதாவது பண்ணுங்கய்யா!" என்று நேற்று கத்தினார்.

பண்ணுவார்கள். அது அவர்கள் தொழில். என் தொழில் சத்தம் சுத்தமாக வருகிறதா என்று பார்ப்பது. அதில் நான் கெட்டிக்காரன்.

நினாத்

*

ஸ்ரீ

நிம்பேவாடி
ஜூலை 13

சிரஞ்சீவி நினாத்துக்கு ஆசிகள். அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

வியாழக்கிழமை நிகழ்ச்சியைக் கூடத்தில் நானும் பார்த்தேன். ரத்னமாலா முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. குரல் மட்டும் வந்தது. "எங்க ஊர்க்காரங்க எல்லாம்... திருட்டுப் பசங்க!" அவ்வளவுதான். உடனே வேறு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் காட்டினார்கள்.

கூடத்தில் ஒருவன் எழுந்து டிவியைச் செருப்பால் அடித்தான். காலையில் பேனர் சாக்கடையில் கிடந்தது. சர்பஞ்ச் படம் இருந்த பாதியை மட்டும் யாரோ கவனமாகக் கிழித்து எடுத்துப் போயிருந்தார்கள்.

தத்துவின் தையல் கடைக்குப் போனேன். கொடுத்த துணியை எல்லாரும் வெட்டாமலே திருப்பி வாங்கிப்போகிறார்கள். "திருடன் ஊர்ல திருடன் கையில எதுக்குத் துணி?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்களாம். அவர் பாவம், மிஷினை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் தீர்மானம் போடப் போகிறார்களாம், ரத்னமாலா ஏறின பஸ்ஸை ஊருக்குள் விடுவதில்லை என்று. அவளுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர் எல்லாம் இதுதான் அவளுக்கு. திரும்பி வந்து எங்கே இறங்குவாள்?

தம்பி நின்யா, அவள் நிஜமாகவே அப்படிச் சொன்னாளா? ஆமாம், இல்லை, ஒரு சொல் போதும்.

அக்கா

*

லோணாவளா
ஜூலை 21

அக்காவுக்கு நமஸ்காரம்.

நலம். மழை. சளி பிடித்து விட்டுவிட்டது. தாஜிக்கு முதுகுக்கு நல்ல மெத்தை வாங்கச் சொல், கட்டிலில் பலகை போட்டால் சரியாகாது.

நீ கேட்டது: ஒளிபரப்பான ஒவ்வொரு சொல்லும் ரத்னமாலா அண்ணியின் குரல்தான். வேறு யாரையும் பேசவைத்துச் சேர்க்கவில்லை. இதற்குமேல் எழுத ஒப்பந்தம் இடம் தராது. நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

துணியைத் திருப்பி வாங்கினது தொலைக்காட்சி இல்லை, உங்கள் ஊர்.

நினாத்

*

ஸ்ரீ

நிம்பேவாடி
ஜூலை 28

நினாத்துக்கு அக்கா ஆசி. போத்னிஸ் அவர்களே, இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அவள் குரலா என்று நான் கேட்கவில்லை. சொன்னாளா என்று கேட்டேன். நான் பாங்கில் தினமும் கையெழுத்துப் பார்க்கிறவள். கையெழுத்து நிஜம், காசோலை பொய் என்று எத்தனை பார்த்திருப்பேன்.

நீ அந்தப் பக்கம் நழுவினதும் எனக்கு இன்னொன்று உறைத்தது. நிம்பேவாடியிலிருந்து மிரஜ் பாங்குக்குப் போக வர அவளோடு பேசிக்கொண்டே போகிறவள் நான். அவள் யாரையாவது திட்டி முடித்தால் கம்பியில் ரெண்டு தட்டு விழும். விழாமல் நான் கேட்டதில்லை. வியாழக்கிழமை "திருட்டுப் பசங்க"வுக்குப் பிறகு தட்டு இல்லை. தத்துவிடம் கேட்டேன். "ஆமா வைஜயந்தி, எனக்கும் என்னமோ குறைஞ்ச மாதிரியே இருந்துச்சு"ன்னார்.

நீ துடைத்திருக்கலாம். அப்படியென்றால் உனக்குத் தெரியும் அது எங்கே இருந்தது என்று. அல்லது அவள் பேசி முடிக்கவே இல்லை. அப்படியென்றால் அடுத்த சொல் என்ன என்பதும் உனக்குத்தான் தெரியும்.

சளிக்கு மஞ்சள்பால் குடி.

அக்கா

*

ஸ்ரீ

நிம்பேவாடி
ஆகஸ்ட் 16

நினாத்துக்கு ஆசி. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு சரியில்லையா, கை சரியில்லையா தெரியவில்லை. அம்மா கேட்கிறார். மழையில் தபால் நின்றுவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, கிராம சபையும் நடந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது. ரத்னமாலா வரும் பஸ்ஸை ஊர் எல்லையில் மறிப்பார்கள். நான் எழுந்து, "அவ வாயைத் திறந்து பேசறதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க"ன்னேன். சர்பஞ்ச் சிரித்தார். "அதான் டிவியில கேட்டோமேம்மா! உங்க தம்பிதானே அங்க சத்தம் பார்க்கறது? அவரைக் கேட்டுச் சொல்லுங்க, பொய்யின்னா தீர்மானத்தைக் கிழிச்சுடறேன்"ன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உட்கார்ந்துவிட்டேன்.

தத்து நேற்று வீட்டுக்கு வந்து கேட்டார், "நான் வேற ஊர்ல கடை பார்க்கட்டுமா?" என்று. அவருக்கு என்ன சொல்ல?

அக்கா

*

லோணாவளா
ஆகஸ்ட் 19

அக்காவுக்கு நமஸ்காரம். உடம்பு நலம், கையும் நலம். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். எப்படியும் கறுப்படிப்பார்கள் என்பதால் இதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

(இங்கே ஐந்து வரிகள் கறுப்பு மையால் முழுக்க அடிக்கப்பட்டிருந்தன.)

அதைச் செய்தது வேறு யாருமில்லை.

(மறுபடி இரண்டு வரிகள்.)

வரும் சனிக்கிழமை மாலை நேரலை. வெட்டுவதற்கு நேரம் இருக்காது. ரத்னமாலா அண்ணியை ஊராரிடம் மன்னிப்புக் கேட்கவைப்பதாகத் திட்டம். எல்லாரையும் கூடத்தில் உட்காரவை. சர்பஞ்சையும். தத்து அண்ணன் முன்வரிசையில் இருக்கட்டும். டிவியில் சத்தத்தைக் கூட்டி வை.

நினாத்

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்: வைஜயந்தி அவர்களுக்கு நமஸ்காரம். கறுப்படிப்பது என் வேலை. வீட்டில் எல்லாரும் சுகம். சனிக்கிழமை எங்கள் வீட்டிலும் சத்தத்தைக் கூட்டித்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன். போத்னிஸ்.)

*

ஸ்ரீ

புணே
ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு நினாத்தின் நமஸ்காரம்.

நலம். நண்பன் அறையில் இருக்கிறேன். வேலை போய்விட்டது. போனை நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் தருவார்களாம், அதனால்தான் இன்னும் கடிதம். ஆனால் இதை நன்றாக ஒட்டி அனுப்புகிறேன்.

முதலில் கறுப்பு மைக்குக் கீழே இருந்தது. தோட்டத்தில் ஒருநாள் அண்ணி சொன்னது: "எங்க ஊர்க்காரங்க எல்லாம் இந்நேரம் டிவி முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க." வேறொரு நாள், சமையலறையில், தான் சுட்ட முறுக்கு டப்பாவை யாரோ காலி செய்ததைப் பார்த்துச் சொன்னது: "திருட்டுப் பசங்க! ஒண்ணுகூட மிச்சம் வைக்கல!" முதல் பாதிக்குப் பின்னால் மழை, இரண்டாம் பாதிக்குப் பின்னால் குக்கர். விக்ராந்த் சார், "ஒட்டினது தெரியாம பண்ண முடியுமா?" என்று கேட்டார். முடியுமா என்று என்னைக் கேட்டால் நான் முடியாது என்றா சொல்வேன்? மழையை எடுத்தேன், குக்கரை எடுத்தேன், இரண்டுக்கும் அடியில் ஒரே மாதிரி காற்றைப் போட்டேன். முறுக்குக்காக விழுந்த இரண்டு தட்டையும் இரைச்சல் என்று துடைத்தேன். தோள் தட்டிக்கொடுத்தார். பெருமையாக இருந்தது, அக்கா. அதைத்தான் உனக்கு எழுத வரவில்லை.

இனி சனிக்கிழமை. அரங்கில் அண்ணியை நிற்கவைத்தார்கள். தொகுப்பாளர் குழைந்தார். "ரத்னமாலாஜி, உங்க ஊரே கொதிச்சுப்போயிருக்கு. கையைக் கூப்பி ஒரு மன்னிப்பு கேட்டுடுங்களேன்."

"மன்னிப்பா? எதுக்குங்க?"

திரையில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினார்கள். அவர் அதை முதல்முறையாகப் பார்த்தார். என் காதில் அவர் மூச்சு நின்றது, பிறகு வந்தது.

"குரல் என்னோடதுதான். ஆனா இது நான் பேசினது இல்ல. நான் திட்டியிருந்தா இவ்வளவு சுருக்கமாவா திட்டியிருப்பேன்?"

அரங்கில் சிரிப்பு. விக்ராந்த் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இடைவேளைக்குப் போ! நினாத், அவ மைக்கை இறக்கு!"

என் விரல் அவர் மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் மேல்தான் இருந்தது. இறக்கவில்லை.

"நிம்பேவாடிக்காரங்களா, கேட்டுக்கோங்க. டிக்கெட் எடுக்காம வர்றது ஊர் முழுக்க இல்ல. ஆறே பேர். பேரும் தெரியும், ஏறுற ஸ்டாப்பும் தெரியும்."

"இறக்குய்யா! காது கேக்கலையா உனக்கு?"

"கேக்குது சார். அவங்க இன்னும் முடிக்கல."

"என்னடா முடிக்கல?"

"மீதி அத்தனை பேரும் சில்லறையைக் கையில வச்சுக்கிட்டு ஏறுறவங்க. ஆறு பேருக்காக ஊரையே திருடன்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா? மன்னிப்பு கேட்க மாட்டேன். இந்த வீட்டுல இனி இருக்கவும் மாட்டேன். திங்கக்கிழமை காலை வண்டிக்கு வருவேன். என் பஸ் பிடிக்காதவன் நடந்து போ!"

விக்ராந்த் சார் என் தோளுக்கு மேலே கையை நீட்டினார். நான் மேஜைமேல் குப்புறச் சாய்ந்து கையால் மறைத்துக்கொண்டேன். சட்டை கிழிந்தது. அண்ணி சுற்றிலும் தேடினார், தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நெஞ்சில் தட்டினார், மைக்மேல்.

டக்.

தொகுப்பாளர் ஏதோ சொல்ல வந்தார். அவர் மைக்கை இறக்கினேன்.

டக்.

"இப்ப முடிஞ்சது சார்" என்று சொல்லிவிட்டு ஃபேடரை இறக்கினேன்.

வழக்குப் போடுவோம் என்கிறார்கள். போடட்டும். நான் கையெழுத்துப் போட்டது தப்பில்லாமல் ஒளிபரப்புவதற்கு. அன்றைக்கு ஒரு சொல்கூடத் தப்பாகப் போகவில்லை. இந்த நிகழ்ச்சிமேல் எனக்கு இன்னும் வெறுப்பு வரவில்லை, அக்கா, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே மைக், அதே கேமரா. அதனால்தான் நீங்கள் எல்லாரும் அவர் சொன்னதைக் கேட்டீர்கள்.

கேட்டீர்கள்தானே?

நினாத்

*

ஸ்ரீ

நிம்பேவாடி
செப்டம்பர் 4

சிரஞ்சீவி நினாத்துக்கு அக்காவின் அநேக ஆசிகள். ஸ்ரீ போட்டிருந்தாய், அம்மாவிடம் காட்டினேன்.

கேட்டோம். "ஆறே பேர்" என்றதும் கூடமே விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டது. முதல் விரல் எல்லாருக்கும் ஒரே ஆள்தான். சர்பஞ்ச் மகன் செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே போனவன் திரும்பவில்லை. ரெண்டாவது தட்டு விழுந்ததும் தத்து அழுதார் பாரு, அப்படி ஒரு அழுகை. நான் எழுந்து நின்று, "தீர்மானத்தை யார் கிழிக்கறது?" என்று கேட்டேன். சர்பஞ்ச் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்மா போய் அவர் கையிலிருந்த கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் கிழித்தார். கிழித்தது குடிதண்ணீர்க் குழாய்த் தீர்மானமாம், அது வேறு கதை. சரியானதையும் மறுநாள் கிழித்தாயிற்று.

திங்கட்கிழமை காலை வண்டியில் அவள் ஏறினாள். யாரும் மறிக்கவில்லை. கேட்காமலே எல்லாரும் டிக்கெட் வாங்கினார்கள், பாஸ் வைத்திருந்த ஆளுகூட ஒண்ணு வாங்கினான். செல்பி கேட்டவர்களிடம், "முதல்ல டிக்கெட், அப்புறம் மூஞ்சி"ன்னாள். துணி கொடுக்க மட்டும் தத்து கடைக்கு இன்னும் சிலர் வரவில்லை. வெட்கமாக இருக்கும்.

உன் கடிதத்தை மிரஜ் போகும் வழியில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மழை, குக்கர், காற்று, எல்லாம். மறைக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"ஒட்டினவனும் உன் தம்பிதானா?"ன்னாள்.

"ஆமா. மைக்கைத் திறந்து விட்டவனும் அவன்தான். வேலையே போச்சு"ன்னேன்.

"ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சுன்னு அவன் நினைக்க வேண்டாம்னு சொல்லு. எங்க வீட்டுக்காரர் ஒன்றரை மாசம் மூடின மிஷின் முன்னாடி உட்கார்ந்திருந்தார். அதை எந்த வண்டியில ஏத்தி எங்க இறக்கறது?" பிறகு, "திரும்பக் கூப்பிட்டா திரும்பவும் போவேன். ஊரே வாயை மூடிக்கிட்டுக் கேட்டுச்சே! ஆனா ஒட்டறவன் எதிர்ல உட்காரணும், என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு ஒட்டணும்"ன்னாள்.

அப்போது ஸ்டாப் வந்துவிட்டது. பஞ்சைக் கையில் எடுத்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள். தட்டவில்லை. டிரைவர் பஜரங் திரும்பிப் பார்த்துவிட்டு, தானாகவே வண்டியை எடுத்தார்.

ஆகவே உன்னிடம் அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை. காலை வண்டிக்கு வந்து மீதியைக் கேட்டுக்கொள். டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறு.

அம்மாவுக்குச் சர்க்கரை அளவோடு இருக்கிறது. தாஜிக்கு மெத்தை வாங்கியாயிற்று. போத்னிஸைப் பார்த்தால் என் நமஸ்காரம்.

உன் அக்கா
வைஜயந்தி